லூனா பார்க் முதல் பூங்கா அல்ல

நியூயார்க் கோனி தீவின் முதல் கேளிக்கைப் பூங்கா 1903-ல் திறந்த லூனா பார்க் என்று சொல்வது தவறு. 1895-லேயே பால் பாய்ட்டன் சீ லயன் பார்க்கைத் திறந்துவிட்டார். சுற்றிலும் வேலி, வாசலில் நுழைவுக் கட்டணம். இன்றைய தீம் பார்க்குகளின் அடிப்படையே அதுதான், அதனால் இந்தப் பெயரை விட்டுவிடக் கூடாது. 1897-ல் ஜார்ஜ் டில்யூவின் ஸ்டீபிள்சேஸ் பூங்கா வந்தது. லூனா பார்க் எழுந்ததே சீ லயன் இருந்த இடத்தில்தான்.

முதல் ரோலர் கோஸ்டரும் 1927-இன் சைக்ளோன் அல்ல. 1884-லேயே அங்கே லாமார்கஸ் தாம்சனின் ஸ்விட்ச்பேக் என்ற ரோலர் கோஸ்டர் ஓடியது. கட்டணம் 5 சென்ட், வேகம் மணிக்குச் சுமார் 6 மைல். மோட்டார் கிடையாது, சரிவில் உருண்டு மறுமுனை சேர்ந்ததும் பயணிகள் இறங்க, ஊழியர்கள் பெட்டியைத் தள்ளி மேடேற்றித் திரும்பும் தண்டவாளத்தில் வைப்பார்கள்.