அந்த நியூஸ் கார்டில் லோகோ எதற்கு?

போன வாரம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பா ஒரு நியூஸ் கார்டு போட்டார். கீழே நீலப் பட்டை, மூலையில் ஊரறிந்த சேனலின் லோகோ, நடுவில் ஓர் அரசியல் தலைவரின் படம், பக்கத்தில் அவர் கனவில்கூடச் சொல்லியிருக்க முடியாத ஒரு வாக்கியம். அந்த வாக்கியத்திலும் இரண்டு இடத்தில் ஒற்று இல்லை, ஓர் இடத்தில் 'ள'வுக்குப் பதில் 'ல'. சேனலின் பக்கத்தில் போய்த் தேடிப் பார்த்தேன். அப்படி ஒரு கார்டே கிடையாது. எழுத்துருவும் வேறு. போன் போட்டேன்.

"சித்தப்பா, அது போலி. அவங்க அப்படிப் போடவே இல்லை."

"போட்டுட்டு எடுத்திருப்பாங்கப்பா. எல்லாப் பயலும் காசு வாங்கிட்டான். எந்த டிவிக்காரன் இன்னைக்கு உண்மையைச் சொல்றான்?"

"அப்ப இதை மட்டும் எப்படி நம்புனீங்க?"

"அதான் அவங்க லோகோ இருக்கே!"

போனை வைத்த பிறகு ரொம்ப நேரம் அந்தப் பதிலையே நினைத்துக்கொண்டிருந்தேன். சித்தப்பா படிக்காதவர் இல்லை. முப்பது வருடம் அரசுப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவர். காலையில் பேப்பர் வராவிட்டால் வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டே இருப்பார். ஊடகங்களை நம்பவே கூடாது என்று சொல்கிற அவர்தான், ஊடகத்தின் முத்திரை இருந்தால் எதையும் நம்பிவிடுகிறார். கார்டு செய்தவனுக்கும் இது தெரிந்திருக்கிறது. அதனால்தான் அவன் தன் பெயரில் போடவில்லை. கள்ளநோட்டு அடிக்கிறவன் செல்லாத நோட்டையா அடிப்பான்?

ஆக, 'ஊடகம் நம்பகத்தன்மையை இழந்துவிட்டது' என்று நாம் சொல்வது முழு உண்மை இல்லை. கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. அதைத்தான் இன்னொருத்தன் திருடி விற்கிறான்.

மக்கள் செய்தியை எவ்வளவு நம்புகிறார்கள் என்று ஆக்ஸ்போர்டிலுள்ள ராய்ட்டர்ஸ் இதழியல் ஆய்வு நிறுவனம் வருடா வருடம் கணக்கெடுக்கிறது. 2024-ல் இந்தியாவுக்கு 41 சதவீதம் வந்தது. உலகச் சராசரி 40. பின்லாந்தில் 69. நாம் ஒன்றும் மோசமில்லை போலிருக்கிறதே என்று தோன்றும். ஆனால் இந்தியாவில் அவர்கள் கேட்டது பெரும்பாலும் ஆங்கிலம் தெரிந்த, இணையத்தில் செய்தி படிக்கிறவர்களை. டீக்கடையில் ஒரே பேப்பரை நாலு பேர் ஆளுக்கொரு தாளாகப் பிரித்துப் படிக்கிறார்களே, அவர்களை யாரும் கேட்கவில்லை. எல்லைகளற்ற செய்தியாளர்கள் அமைப்பின் பத்திரிகைச் சுதந்திரப் பட்டியலில் இந்தியா 2024-ல் 159-வது இடம், 2025-ல் 151. மொத்தம் 180 நாடுகள். இந்தப் பட்டியல் வந்ததும் ஒரு தரப்பு கொண்டாடும், இன்னொரு தரப்பு 'வெளிநாட்டுச் சதி' என்னும். அடுத்த நாள் இரண்டு பேரும் மறந்துவிடுவார்கள்.

என்னைக் கேட்டால், நம்பிக்கையும் சுதந்திரமும் இரண்டு தனித்தனிப் பட்டியல்கள் இல்லை. மதுரைக்காரன் என்பதால் இதை எனக்கு யாரும் வகுப்பெடுத்துப் புரியவைக்க வேண்டியதில்லை.

2007 மே 9. தினகரன் பேப்பரில் ஒரு கருத்துக்கணிப்பு வந்தது. கருணாநிதிக்குப் பிறகு அவருடைய அரசியல் வாரிசு யார் என்பது கேள்வி. ஸ்டாலினுக்கு 70 சதவீதம், அழகிரிக்கு 2 சதவீதம் என்று போட்டிருந்தார்கள். காலையில் பேப்பர் கடைக்கு வந்தது. அழகிரியின் ஆதரவாளர்கள் தெருவில் இறங்கினார்கள். பஸ் கண்ணாடிகள் உடைந்தன. பேப்பரைக் குவித்துக் கொளுத்தினார்கள். அப்புறம் மதுரை தினகரன் அலுவலகத்துக்குள் பெட்ரோல் குண்டு விழுந்தது. மூன்று பேர் செத்துப்போனார்கள். அவர்கள் ஆசிரியர்கள் இல்லை, நிருபர்கள்கூட இல்லை. இரண்டு பேர் கம்ப்யூட்டர் பிரிவு, ஒருவர் வாசல் காவலாளி. கருத்துக்கணிப்பை எடுத்தவர்களும் இல்லை, போடச் சொன்னவர்களும் இல்லை. வேலைக்குப் போனவர்கள்.

அன்று சாயங்காலம் எங்கள் தெருமுனை டீக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். அப்போது நான் காலேஜ் படித்துக்கொண்டிருந்தேன். டிவியில் திரும்பத் திரும்ப அந்தப் புகையைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். கடையில் இருந்த பெரியவர் ஒருவர் கிளாஸைக் கழுவித் தொட்டியில் வைத்துவிட்டு, "மாமன் மச்சான் சண்டை, நடுவுல மூணு உசுரு" என்றார். அவ்வளவுதான். பத்திரிகை மீது தாக்குதல் என்றோ, கருத்துச் சுதந்திரம் என்றோ அங்கே ஒருத்தர் வாயிலும் வரவில்லை. எனக்கும் அப்படித் தோன்றவில்லை. அது ஒரு கட்சிக் குடும்பத்தின் பேப்பர், கருணாநிதியின் அக்கா பேரன் கலாநிதி மாறனுடையது. அதே குடும்பத்தின் இன்னொரு கிளைக்குக் கோபம். நமக்கென்ன?

இத்தனை வருடம் கழித்து எனக்கு உறுத்துவது அந்த 'நமக்கென்ன'தான். பத்திரிகை யாரோ ஒருவருடைய சொத்தாக மட்டும் நம் கண்ணுக்குத் தெரிந்தால், அது எரியும்போது அவருடைய சொத்து எரிகிறது என்றுதான் நினைப்போம். உள்ளே இருந்த மூன்று பேர் நம் ஊர்ப் பிள்ளைகள் என்பதே பின்னால் போய்விடும்.

அப்புறம் நடந்ததும் அதற்கேற்ற மாதிரிதான். அந்தப் பிணக்கில் 2007 செப்டம்பரில் கலைஞர் டிவி பிறந்தது. 2008 டிசம்பரில் குடும்பம் ஒன்று சேர்ந்தது. இதயம் இனித்தது, கண்கள் பனித்தன என்றார் கருணாநிதி. 2009 டிசம்பரில் வழக்கில் இருந்த 17 பேரும் விடுதலை. சாட்சிகள் பிறழ்ந்துவிட்டார்கள். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அதை மாற்றி ஒன்பது பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது 2019 மார்ச்சில். தீ வைத்த நாளிலிருந்து கிட்டத்தட்ட பன்னிரண்டு வருடம். இறந்தவர்களில் ஒருவருடைய அம்மாவும் உயர் நீதிமன்றத்தில் மனு போட்டிருந்தார். குடும்பங்கள் கைகுலுக்கிக்கொண்ட பிறகும் கோர்ட் படியேறிக்கொண்டிருந்தவர் அவர். அவரைப் பற்றி அந்தப் பன்னிரண்டு வருடத்தில் எத்தனை சேனல் எத்தனை விவாதம் நடத்தியது? எனக்கு ஒன்றுகூட ஞாபகமில்லை.

இதற்கு இருபது வருடம் முந்தைய கதை ஒன்று உண்டு. 1987-ல் ஆனந்த விகடன் அட்டையில் ஒரு ஜோக். மேடையில் இருப்பவர்களில் யார் எம்.எல்.ஏ., யார் மந்திரி என்று கேட்டால், ஒருவர் ஜேப்படிக்காரர் மாதிரி இருப்பார், இன்னொருவர் முகமூடிக் கொள்ளைக்காரர் மாதிரி இருப்பார் என்கிற ரீதியில் பதில். எம்.ஜி.ஆர். ஆட்சி. சட்டமன்றத்துக்குக் கோபம் வந்தது. சபாநாயகர் பி.எச்.பாண்டியன், ஆசிரியர் எஸ்.பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதக் கடுங்காவல் அறிவித்தார். உள்ளே தள்ளிய சில நாளிலேயே விட வேண்டியதாயிற்று, அவ்வளவு எதிர்ப்பு. பின்னால் அவர் வழக்குப் போட்டு, நஷ்ட ஈடாக 1000 ரூபாய் வாங்கினார். அந்தப் பணத்தை ஃப்ரேம் போட்டு மாட்டிவைத்தார். என் அப்பா இந்தக் கதையைச் சொல்லும்போது "நம்ம விகடன்" என்றுதான் சொல்வார். அவருக்கு அதில் ஒரு பங்கும் கிடையாது. வாரா வாரம் காசு கொடுத்து வாங்கினார், அவ்வளவுதான்.

2025 பிப்ரவரியில் அதே விகடனின் இணையதளம் முடக்கப்பட்டது. அமெரிக்காவிலிருந்து நம் ஆட்களை விலங்கு பூட்டி அனுப்பிய சமயம். ட்ரம்ப் பக்கத்தில் பிரதமர் விலங்கோடு உட்கார்ந்திருப்பதாக ஒரு கார்ட்டூன். பாரதிய ஜனதா தரப்பிலிருந்து புகார் போனது, தளம் திறக்கவில்லை. மார்ச் முதல் வாரத்தில் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டது. அந்தக் கார்ட்டூனை எடுத்துவிட்டால் தளத்தைத் திறக்கலாம் என்றது. ஒரு படத்துக்காக ஒட்டுமொத்தக் கடைக்கும் பூட்டு. பத்திரிகையாளர்கள் கண்டித்தார்கள், கட்சித் தலைவர்கள் அறிக்கை விட்டார்கள். என் டைம்லைனில் நடந்ததைச் சொல்கிறேன். பாதிப் பேர் 'நல்லா வேணும்' என்றார்கள். மீதிப் பேர் கொதித்தார்கள். கொதித்தவர்களிடம் முதல் பாதி கேட்டது: 'சவுக்கு சங்கரை உள்ளே வைத்தபோது எங்கே போயிருந்தீர்கள்?'

கேட்டது வம்புக்குத்தான். ஆனாலும் கேள்வி கேள்விதான். 2024 மே மாதம் யூடியூபர் சவுக்கு சங்கரைக் கைது செய்தார்கள். பெண் போலீசாரைப் பற்றி அவர் பேசியதை நான் எந்த நாளும் ஆதரிக்க மாட்டேன், கேட்கவே கூசுகிற பேச்சு. அதற்கு வழக்கு உண்டு, நடக்கட்டும். ஆனால் விசாரணையே இல்லாமல் உள்ளே வைக்கிற குண்டர் சட்டம் எதற்கு? ஆகஸ்டில் உயர் நீதிமன்றமே அந்த உத்தரவை ரத்து செய்தது. மறுபடியும் குண்டர் சட்டம் போட்டார்கள். அப்போது, 2025-ல் கொதித்த என் நண்பர்களில் பலர் மீம் போட்டுக்கொண்டிருந்தார்கள். 2018-ல் நக்கீரன் கோபாலைக் கைது செய்தபோது, அவரைக் காவலில் வைக்க நீதிபதி மறுத்ததைக் கொண்டாடியதும் இதே நண்பர்கள்தான். அந்த வருடம் ஜூனில் கோவையில் நடத்திய ஒரு விவாத நிகழ்ச்சிக்காகப் புதிய தலைமுறை மீது வழக்குப் பதிந்தது அ.தி.மு.க. ஆட்சி. அப்போது கொண்டாடியவர்கள் வேறு நண்பர்கள். எனக்கு எல்லாப் பக்கத்திலும் நண்பர்கள் உண்டு, அதுதான் என் கஷ்டம்.

ஆட்சி மாறும், ஆள் மாறும், நம் கைதட்டல் மட்டும் முறை வைத்து நடக்கும்.

இதற்கு ஊடகங்கள் பொறுப்பில்லையா என்றால், நிச்சயம் பொறுப்புதான். 1993-ல் சன் வந்தது. அப்புறம் ஜெயா, மக்கள், கலைஞர், கேப்டன், நியூஸ் ஜெ என்று கட்சிக்கொரு டிவி. மழைக்காலத்தில் ஆளுங்கட்சி டிவியில் அமைச்சர் முழங்கால் தண்ணீரில் நின்று ஆய்வு செய்கிறார். எதிர்க்கட்சி டிவியில் அதே தண்ணீரில் ஒரு பாட்டி சாமான் செட்டோடு நிற்கிறார். இரண்டும் பொய்யில்லை. இரண்டையும் பார்த்து நாமே ஒரு கூட்டுத்தொகை போட்டுக்கொள்ளப் பழகிவிட்டோம். அதுகூடப் பரவாயில்லை, லோகோவைப் பார்த்தாலே யார் பேசுகிறார்கள் என்று தெரியும். நடுநிலை என்று போர்டு மாட்டிக்கொண்டு, அரசு விளம்பரம் நின்றுவிடும் என்பதற்காக வாயை மூடிக்கொள்கிறவர்களைத்தான் கண்டுபிடிக்க முடியவில்லை. தப்பான செய்தியை முதல் பக்கத்தில் எட்டுப் பத்தி அகலத்துக்கு போடுவார்கள். மறுப்பை எட்டாம் பக்கத்தில் இரங்கல் விளம்பரத்துக்குக் கீழே போடுவார்கள். எந்த அளவில் தப்புச் செய்தார்களோ அந்த அளவில் திருத்தமும் போட வேண்டும் என்று ஒரே ஒரு வழக்கம் வந்தால் போதும், பாதி நம்பிக்கை திரும்பிவிடும் என்பது என் கட்சி.

நமக்கும் இதில் பங்கு உண்டு. காலையில் நாம் கொடுக்கிற காசு தாளுக்கும் மைக்கும்கூடப் பத்தாது. மீதியை விளம்பரக்காரர்கள் கொடுக்கிறார்கள். காசு கொடுக்கிறவர் பேச்சுத்தானே எடுபடும்? யூடியூபில் ஓசியில் பார்த்துவிட்டு 'விலை போயிட்டான்' என்று கமென்ட் போடுகிறோம். நாம் வாங்கவில்லை, வேறு யாரோ வாங்கினார்கள்.

என் பள்ளித் தோழன் ஒருவன் ஒரு பேப்பருக்குத் தாலுகா நிருபராக இருக்கிறான். பேர் வேண்டாம், பேப்பரும் வேண்டாம். சம்பளம் என்று சொல்லிக்கொள்ளும்படி எதுவும் கிடையாது. வந்த செய்திக்குக் கணக்குப் பார்த்துக் கொடுப்பார்கள். பெட்ரோலுக்கே சரியாகிவிடும். தீபாவளி மலருக்கு இத்தனை ஆயிரத்துக்கு விளம்பரம் பிடித்துத் தர வேண்டும் என்று ஒரு டார்கெட் வேறு. பிரஸ் மீட்டில் கவர் கொடுப்பார்கள், இவன் வாங்க மாட்டான். அதனால் மற்றவர்கள் இவனோடு டீ குடிக்கக்கூட வருவதில்லை.

போன ஐப்பசியில் ஒரு கிராமத்து ரோட்டைப் பற்றி எழுதினான். போட்டு நாலே மாதத்தில் பெயர்ந்துபோன ரோடு. நேரில் போய், சுரண்டிப் பார்த்து, தாரின் கனத்தைத் தன் விரலை வைத்து போட்டோ எடுத்திருந்தான். அரை விரல்கூட இல்லை. அந்த ரோட்டைப் போட்ட கான்ட்ராக்டரிடம்தான் தீபாவளி விளம்பரத்துக்கும் போய் நிற்க வேண்டும். அவர் சிரித்த முகத்தோடு அரைப்பக்க விளம்பரம் கொடுத்தாராம். "உங்க செய்தியும் வரட்டும் தம்பி" என்றாராம்.

ராத்திரி போன் பண்ணினான். "நாப்பது வரி அனுப்புனேன்டா. நாலு வரி வந்திருக்கு. போட்டோ இல்லை. கான்ட்ராக்டர் பேரும் இல்லை."

நான் ஒன்றும் சொல்லவில்லை.

"ஆனா நேத்து அங்க ஜல்லி கொட்டியிருக்காங்கடா" என்றான். குரலில் ஒரு சின்னச் சந்தோஷம். போட்டோவும் அனுப்பினான். ரோட்டோரம் ஜல்லிக் குவியல், மேலே ஒரு நாய் படுத்திருக்கிறது.

அதை அப்படியே எங்கள் குடும்பக் குழுவில் போட்டேன். ஒரு தாலுகா நிருபர் எழுதியதால் நடந்தது என்று இரண்டு வரியும் சேர்த்தேன். பத்து நிமிஷத்தில் சித்தப்பாவிடமிருந்து பதில் வந்தது.

"எந்த டிவில வந்துச்சு? லோகோவைக் காணோம்?"