85-வது பந்துக்குப் பிறகு

சென்ற சனிக்கிழமை மாலை, பிள்ளைகளின் பேஸ்பால் ஆட்டம், ஐந்தாவது இன்னிங்ஸ். பேட்டர் நின்று அடிக்கும் ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் நான் நடுவராக நின்றுகொண்டிருந்தேன். பிட்சர் (பந்து எறிபவன்) போடும் பந்துகளை எண்ணிக் குறித்துக்கொண்டிருந்த அம்மையார் கம்பி வலைக்கு அப்பாலிருந்து கையை உயர்த்தி "85" என்றார். அந்த எண்ணிக்கை வந்ததும், எதிரில் நிற்கும் பேட்டரோடு பிட்சர் முடித்துக்கொள்ள வேண்டும். அடுத்த இரண்டு பந்தும் வெளியே போக, அப்படிப் போனவை நான்கு ஆகிவிட, பேட்டர் முதல் பேஸுக்கு (ஓடிச் சேர வேண்டிய முதல் இடத்துக்கு) நடந்தான். நான் ஆட்டத்தை நிறுத்திப் பயிற்சியாளரிடம் போய், பிட்சரை மாற்றச் சொன்னேன்.

"இன்னும் ஒரே ஒரு பேட்டர். அவனே போட ஆசைப்படுகிறான், வேண்டுமானால் கேட்டுப் பாருங்கள்" என்றார்.

பதினொரு வயதுப் பையனிடம் கேட்டால் வேறு என்ன சொல்வான்? அவன் பந்தைக் கையுறைக்குள் போட்டு இடுப்போடு இடுக்கிக்கொண்டு, வலது கை விரல்களை உதறிக்கொண்டிருந்தான். உதறுவான், முழங்கையை மடக்கி நீட்டுவான், மறுபடியும் உதறுவான். பயிற்சியாளரின் பார்வை ஸ்கோர்போர்டில் இருந்தது.

மாற்றினார். திரும்பிப் போகும்போது எல்லார் காதிலும் விழும்படி, "குழந்தைகள் விளையாட்டில் போலீஸ் வேலை பார்க்கிறார்கள்" என்றார். பெற்றோர் பக்கத்திலிருந்து நாலைந்து பேர் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல்தான் என்னை இதை எழுத வைக்கிறது.

மதுரைத் தெருவில் கிரிக்கெட் ஆடி வளர்ந்தவன் நான். பேட்டிங் அணியிலேயே ஒருவன் அம்பயராக நிற்பான். சண்டை வந்தால் மட்டைக்குச் சொந்தக்காரன் சொன்னதே தீர்ப்பு. நியூ ஜெர்சிக்கு வந்து, மகனை லிட்டில் லீக் என்ற பிள்ளைகள் பேஸ்பால் அமைப்பில் சேர்த்த பிறகுதான் பேஸ்பால் கற்றுக்கொண்டேன். நான்கு ஆண்டுகளாகத் தன்னார்வ நடுவராக இருக்கிறேன். இங்கே என்னைப் போன்றவர்கள்தான் அதிகம். 1939-ல் பென்சில்வேனியாவின் வில்லியம்ஸ்போர்ட்டில் தொடங்கிய இந்த அமைப்பின் உலகத் தொடரில்கூட நடுவர்கள் தன்னார்வலர்களே.

பந்து எண்ணிக்கை விதி 2007-ல் வந்தது. 11, 12 வயதுக்கு ஒரு நாளில் 85 பந்து. 9, 10 வயதுக்கு 75. 66 பந்தோ அதற்கு மேலோ போட்டுவிட்டால் அடுத்த நான்கு நாள் ஓய்வு. காரணம் முழங்கையில் இருக்கிறது. வளரும் பிள்ளையின் முழங்கையில் எலும்பு வளரும் இடம் இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கும். திரும்பத் திரும்ப வேகமாக எறியும்போது தசைநார் அந்த இடத்தைப் பிடித்து இழுக்கிறது. மருத்துவர்கள் இந்தக் காயத்துக்கு 'லிட்டில் லீக் எல்போ' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளின் காயத்துக்குப் பிள்ளைகள் விளையாட்டின் பெயர்! 1974-ல் டாக்டர் ஃபிராங்க் ஜோப், டாமி ஜான் என்ற தொழில்முறை பிட்சருக்கு முழங்கைத் தசைநாரை மாற்றி அறுவை சிகிச்சை செய்தார். இன்று அந்த அறுவை பள்ளி மாணவர்களுக்கும் நடக்கிறது. இதைத் தெரிந்துகொண்டு "ஒரே ஒரு பேட்டர்" என்று கேட்பவரிடம் நான் எப்படி விட்டுக்கொடுப்பேன்?

பயிற்சியாளர்கள் எல்லாரையும் நான் குறை சொல்லவில்லை. ஸ்டிரைக்கா (அடிக்கக்கூடிய எல்லைக்குள் வந்த பந்தா) பாலா (வெளியே போனதா), அவுட்டா சேஃபா (பேஸை நேரத்துக்குள் தொட்டுவிட்டானா) என்பது நடுவரின் கண் கண்ட முடிவு; அதில் வாதத்துக்கு இடமில்லை. விதியை நடுவர் தவறாகப் பயன்படுத்தினால், டைம் கேட்டு வந்து, அடுத்த பந்து விழுவதற்குள் சொல்ல உரிமை உண்டு. போன ஆண்டு ஒருவர் அப்படி வந்தார். எதிரணிப் பிட்சர் மாறி, பேட்டருக்குப் பின்னால் பந்தைப் பிடித்துத் திருப்பி எறியும் கேட்சராக உட்கார்ந்துவிட்டான். "அவன் 44 பந்து போட்டிருக்கிறான், ஒருமுறை பார்த்துவிடுங்கள்" என்றார் தணிந்த குரலில். 41 பந்து போட்டவன் அன்றைக்குக் கேட்சராக ஆடக் கூடாது. எனக்குத் தெரிந்த விதிதான். அந்த நேரத்தில் கவனம் தவறிவிட்டது. ஏட்டைப் பார்த்தேன், மாற்றச் செய்தேன், அவருக்கு நன்றி சொன்னேன். அவர் கேட்டது தன் அணிக்காக மட்டுமல்ல, எதிரணிப் பையனின் கைக்காகவும்தான்.

என் வருத்தம் வேறொரு ஆட்டத்தைப் பற்றியது. அன்று முதல் பேஸ் பக்கம் நடுவராக நின்றவன் பதினான்கு வயதுப் பையன். அவனுக்கு அது மூன்றாவது ஆட்டம். ஒரு பயிற்சியாளர் ஆரம்பத்திலிருந்தே என் ஒவ்வொரு ஸ்டிரைக்குக்கும் முனகிக்கொண்டிருந்தார். வம்பு எதற்கு என்று சிரித்துக் கடந்துவிட்டேன். நான்காவது இன்னிங்ஸில் அந்தப் பையன் 'சேஃப்' என்று கை விரித்ததும், அவர் ஓடிப்போய் அவன் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் நின்று கத்தினார். பையன் விரித்த கையை மடக்கவே இல்லை. அப்படியே உறைந்து நின்றான். அவரை அங்கேயே வெளியேற்றினேன். விதிப்படி அணியின் அடுத்த ஆட்டத்துக்கும் அவர் வர முடியாது. ஆனால் அந்தப் பையன் அடுத்த சீசனுக்கு வரவில்லை. முதல் இன்னிங்ஸில் நான் ஒரு வார்த்தை கண்டிப்பாகச் சொல்லியிருந்தால் அவர் அவ்வளவு தூரம் ஓடியிருக்க மாட்டார். இதை நான் என் தவறாகவே வைத்திருக்கிறேன்.

2019-ல் கொலராடோவின் லேக்வுட்டில், ஏழு வயதுப் பிள்ளைகளின் ஆட்டத்தில் பெரியவர்கள் கைகலந்தார்கள். அங்கே நடுவராக இருந்தவனுக்கு வயது 13. 2023-ல் எங்கள் மாநிலத்து டெப்ட்ஃபோர்டில், நடுவரைத் திட்டுகிற பார்வையாளர் மூன்று ஆட்டங்களுக்கு நடுவராக நின்ற பிறகே மீண்டும் மைதானத்துக்கு வரலாம் என்று விதி கொண்டுவந்தார்கள். நடுவர்கள் விலகிப் போனதால் வந்த விதி அது. எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. முகக் கவசத்தின் கம்பிகளுக்கு நடுவே ஒரு பந்தைப் பார்த்து, அரை நொடியில் முடிவு சொல்லிப் பார்க்கட்டும்.

இப்போதெல்லாம் முதல் முனகலிலேயே பயிற்சியாளரின் பக்கத்தில் போய், குரலை உயர்த்தாமல், "இது போதும்" என்கிறேன். கேள்வி கேட்டால் பதில் சொல்கிறேன். கருத்துச் சொன்னால் பிளேட்டைக் குனிந்து துடைக்கிறேன்.

புதன்கிழமை அதே அணிக்கு மறுபடியும் நானே நடுவர். ஆட்டத்துக்கு முன் அந்தப் பயிற்சியாளர் வீரர் பட்டியலை நீட்டினார். சனிக்கிழமையைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. போகிற போக்கில், "அவன் நாளையிலிருந்து போடலாம் இல்லையா?" என்று கேட்டார். "வியாழக்கிழமையிலிருந்து போடலாம்" என்றேன். பையன் இரண்டாவது பேஸ் அருகே, கையுறையை முட்டியில் தட்டிக்கொண்டு நின்றான்.