கடுமை மட்டும் போதுமா?
கட்டுப்பாடு எவ்வளவு கடுமையாக இருக்கிறதோ அவ்வளவு விரைவில் கொள்ளைநோய் அடங்கும் என்று, நோய்த்தடுப்பில் படைகளின் பங்கைப் பற்றிய ஒரு கட்டுரையில் அதன் ஆசிரியர் எழுதியிருக்கிறார். 2014-இல் எபோலா என்னும் கொடிய தொற்றுநோய் பரவியபோது மேற்கு ஆப்பிரிக்க நாடான லைபீரியாவில் நடந்தவை இதை ஐயத்துக்கு உள்ளாக்குகின்றன. அவ்வாண்டு ஆகஸ்டில் தலைநகர் மன்ரோவியாவின் வெஸ்ட் பாயிண்ட் குடிசைப் பகுதியை, பல்லாயிரம் பேர் உள்ளே இருக்கும்போதே அரசு படைகளைக் கொண்டு அடைத்தது. மோதல் மூண்டு, துப்பாக்கிச் சூட்டில் காயமடைந்த ஒரு சிறுவன் உயிரிழந்தான். 21 நாட்களுக்கென அறிவிக்கப்பட்ட அடைப்பு பத்தே நாட்களில் விலக்கப்பட்டது. மக்கள் நோயாளிகளை மறைத்ததற்கு அறியாமையே காரணம் என்று அக்கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒரு வாசகர் கூறுவதையும் என்னால் ஏற்க இயலவில்லை. மன்ரோவியாவில் எபோலாவால் இறந்தவர்களின் உடல்களை எரிக்க வேண்டும் என்று அரசு ஆணையிட்டது, இறந்தவரைக் குளிப்பாட்டிப் புதைத்து, பின்னர் கல்லறைக்குச் சென்று வணங்கும் வழக்கமுடைய குடும்பங்களுக்கு அது பேரிழப்பாகத் தோன்றியது (நம்மில் யாருக்குத்தான் தோன்றாது?). ஆகவே சிலர் நோயாளியை வீட்டிலேயே வைத்துக்கொண்டனர், இறந்தால் இரவில் புதைத்தனர். எபோலாவால் இறந்தவரின் உடல் கடுமையாகத் தொற்றைப் பரப்பக்கூடியது என்பதால், ஆணையின் நோக்கமே அங்கு தலைகீழானது. அவ்வாண்டு இறுதியில் மன்ரோவியாவுக்கு வெளியே டிஸ்கோ ஹில் என்ற இடத்தில் பாதுகாப்பான இடுகாடு அமைக்கப்பட்டு, உறவினர்கள் சற்றுத் தொலைவில் நின்று இறுதிச் சடங்கில் பங்கேற்க வழி செய்யப்பட்டது. வீடு வீடாகச் சென்று நோயாளிகளைக் கண்டறிந்தவர்களில் அந்தந்தப் பகுதி மக்களே பலர் இருந்தனர். படைகளைப் பற்றி விரிவாகப் பேசும் கட்டுரையில் அவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.