வகைக்கு ஒன்று

(சென்னை கொளத்தூர், வண்ணமீன் கடைகள் வரிசையாக இருக்கும் தெரு. ஞாயிற்றுக்கிழமை காலை. ராமநாதன், கருவூலத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். செல்வி, கடைக்காரர். மீன் விற்க மறுக்கும் மீன் கடைக்காரரைச் சந்திக்க ஜாதகத்தில் எழுதியிருக்க வேண்டும், ராமநாதனுக்கு எழுதியிருந்தது.)

ராமநாதன்: அம்மா, இரண்டடித் தொட்டி வாங்கியிருக்கிறேன். வகைக்கு ஒன்றாகப் பத்து மீன் போடுங்கள்.

செல்வி: எந்தெந்த வகை, ஐயா?

ராமநாதன்: நீலமும் சிவப்புமாக மின்னுகிறதே, முதலில் அது ஒன்று.

செல்வி: நியான் டெட்ரா. ஒன்றாகத் தர மாட்டேன். குறைந்தது ஆறு, பத்தானால் இன்னும் நல்லது.

ராமநாதன்: ஒன்று கேட்டால் ஆறு தருவது தாராளம். ஆறுக்கும் காசு கேட்பது என்ன கணக்கு?

செல்வி: அமேசான் பக்கத்து ஓடைகளில் கூட்டம் கூட்டமாகத் திரிகிற மீன், ஐயா. பெரிய மீன் பாய்ந்தால் எதைக் கவ்வுவது என்று தெரியாமல் திகைத்துவிடும். கூட்டம்தான் இதற்குப் பாதுகாப்பு. தனியாக விட்டால் மூலையில் ஒண்டிக்கொள்ளும், நிறம் வெளுக்கும், சரியாகத் தீனி எடுக்காது.

ராமநாதன்: ஓய்வு பெற்ற மறுநாளிலிருந்து நானும் அப்படித்தான் இருக்கிறேன். எனக்கு யாரும் ஐந்து பேரை வாங்கித் தரவில்லை. சரி, நியான் ஆறு. பக்கத்தில் நீளத் துடுப்போடு ஜமீன்தார் தோரணையில் நிற்கிறதே, அது ஒன்று.

செல்வி: ஏஞ்சல். வளர்ந்தால் ஆறு நியானையும் விழுங்கிவிடும்.

ராமநாதன்: இங்கே இரண்டும் பக்கத்தில் பக்கத்தில்தானே இருக்கின்றன?

செல்வி: நடுவில் கண்ணாடி இருக்கிறது, ஐயா.

ராமநாதன்: (விரலால் தட்டிப் பார்த்துவிட்டு) இருக்கிறது. அப்படியானால் இந்தப் புலிக்கோட்டு மீன்?

செல்வி: டைகர் பார்ப். இரண்டு மூன்று மட்டும் விட்டால் மற்ற மீன்களின் துடுப்பைக் கடித்துக் கந்தலாக்கும். எட்டு, பத்தாக விட்டால் பெரும்பாலும் தமக்குள்ளேயே துரத்திக்கொண்டு மற்றவற்றை மறந்துவிடும்.

ராமநாதன்: நான் எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் செயலாளராக இருந்தவன். இதை எனக்கு விளக்கவே வேண்டாம். அந்தச் சிவப்புக் கோடு, கறுப்புக் கோடு?

செல்வி: மிஸ் கேரளா. மேற்குத் தொடர்ச்சி மலை ஆற்று மீன். அரையடி வரை வளரும், அதுவும் கூட்டத்தோடுதான் இருக்கும். நான்கடித் தொட்டியாவது வேண்டும்.

ராமநாதன்: இனி ஒரு தொட்டி வாங்கினால் வீட்டில் என்னைத்தான் அதில் விடுவார்கள். நியான் ஆறையே கட்டுங்கள்.

செல்வி: தொட்டியில் தண்ணீர் எப்போது விட்டீர்கள்?

ராமநாதன்: இன்று காலை. குழாய்த் தண்ணீர். கூழாங்கல்லைக்கூட மூன்று தடவை கழுவிப் போட்டேன். ஒரு துளி அழுக்கு கிடையாது!

செல்வி: அப்படியானால் இன்று மீன் கிடையாது.

ராமநாதன்: சுத்தமாக இருப்பது குற்றமா?

செல்வி: மீனின் கழிவிலிருந்து அம்மோனியா வரும். அதை ஒரு பாக்டீரியா நைட்ரைட்டாக மாற்றும், இன்னொன்று நைட்ரேட்டாக மாற்றும். முதல் இரண்டும் மீனைக் கொன்றுவிடும். நைட்ரேட் அவ்வளவு மோசமில்லை, வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீரை மாற்றினால் போதும். இந்தப் பாக்டீரியாக்கள் புதுத் தொட்டியில் பெருகுவதற்கு 4 முதல் 6 வாரம் ஆகும். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் அவற்றையும் கொல்லும். அதற்குத் தனியாக மருந்து இருக்கிறது.

ராமநாதன்: கோப்பு மூன்று மேசை தாண்ட வேண்டும் என்கிறீர்கள். இரண்டாவது மேசையில் தேங்குமே?

செல்வி: எப்படிச் சரியாகச் சொன்னீர்கள்? இரண்டாவது பாக்டீரியா மெதுவாகத்தான் பெருகும். அதற்குள் நைட்ரைட் ஏறிவிடும்.

ராமநாதன்: கருவூலத்தில் அது என் மேசை, அம்மா. குறுக்கு வழி ஏதும் இல்லையா?

(செல்வி பழைய தொட்டி ஒன்றின் ஃபில்டரைத் திறந்து ஒரு ஸ்பாஞ்சை எடுக்கிறார். பழுப்பு நிறத்தில் ஏதோ வழிந்து அவருடைய முழங்கை வரை இறங்குகிறது.)

செல்வி: இதை உங்கள் ஃபில்டரில் வையுங்கள். பாக்டீரியா இதில்தான் குடியிருக்கிறது. வழியில் காயவிடாதீர்கள், குழாயடியில் கழுவிவிடாதீர்கள். நூறு ரூபாய்.

ராமநாதன்: புது ஸ்பாஞ்ச் என்ன விலை?

செல்வி: அறுபது.

ராமநாதன்: புதியதை விடப் பழையது நாற்பது ரூபாய் அதிகமா?

செல்வி: புதியதில் அழுக்கு இல்லையே, ஐயா. இன்னொன்று. தினமும் தொட்டியில் ஒரு சிட்டிகை தீனி போடுங்கள்.

ராமநாதன்: மீனே இல்லாத தொட்டிக்கா?

செல்வி: தீனி அழுகினால் அம்மோனியா வரும். பாக்டீரியாவுக்கு அதுதான் சாப்பாடு. அடுத்தடுத்த வாரங்களில் தண்ணீரைக் கொண்டுவாருங்கள், சோதித்துப் பார்க்கிறேன். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு வந்த பிறகு நியான் தருகிறேன்.

ராமநாதன்: மீன் வாங்கப் போனவர் அழுக்கோடு வந்து, வெறும் தண்ணீருக்குச் சோறு போடுகிறார் என்று என் மனைவி தெருவெல்லாம் சொல்லப்போகிறாள்.

செல்வி: அப்படியானால் வேண்டாமா?

ராமநாதன்: வேண்டாம் என்று யார் சொன்னது? கட்டுங்கள். நூறு ரூபாய் முழுதாகக் கொடுக்கிறேனே, கொசுறாக இன்னும் கொஞ்சம் அழுக்கைப் பிழிந்து விடுங்கள்.