தலைப்பிரசவத்துக்கு அந்தக் கணக்கு பொருந்தாது

'இங்கிலாந்தில் வீட்டுப் பிரசவமும் ஆஸ்பத்திரி அளவுக்கே பாதுகாப்பு, ஆய்வே இருக்கிறது' என்பது பாதி உண்மை. 2011இல் வெளிவந்த அந்த ஆய்வு, சிக்கல் குறைந்த கர்ப்பிணிகளை மட்டுமே ஒப்பிட்டது. ஏற்கெனவே குழந்தை பெற்றவர்களிடம் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை, சரி. தலைப்பிரசவத்தில்தான் இடிக்கிறது: சிசு மரணம், மூளை பாதிப்பு, தோள் நரம்புக் காயம் போன்றவை சேர்த்து, ஆஸ்பத்திரியில் மருத்துவர்கள் நடத்தும் பிரசவப் பிரிவில் 1000க்கு 5.3; வீட்டில் திட்டமிட்டவர்களுக்கு 9.3. அவர்களில் 45 சதவீதம் பேரை வலியின்போதோ பிறந்த உடனேயோ ஆஸ்பத்திரிக்கு மாற்ற வேண்டிவந்தது. இதையெல்லாம் கேட்டால்தான் சொல்வேன் என்று மருத்துவச்சி இருக்க முடியாது. பிரிட்டன் உச்ச நீதிமன்றத்தின் 2015 மாண்ட்கோமெரி தீர்ப்புப்படி, அந்தத் தாய் முக்கியமாகக் கருதக்கூடிய ஆபத்தைத் தானாகவே சொல்லியாக வேண்டும். 'அனுபவமுள்ள அக்கா பார்த்துக்கொள்வார்' என்பதும் அங்கே செல்லாது. பதிவு பெற்ற மருத்துவச்சியோ டாக்டரோ அல்லாதவர் பிரசவம் பார்ப்பது குற்றம். திடீர் அவசரமும் பயிற்சி மாணவர்களும் மட்டுமே விலக்கு.