மாநகரசபைத் தேர்தலையும் கணக்கில் எடுங்கள்

ரொறன்ரோவில் கன்சவேட்டிவ் கட்சியை ஆதரிக்கும் எம்மவர்கள் மாகாணத் தேர்தலுக்கும் மத்திய தேர்தலுக்கும் வீடு வீடாகப் போய் உழைக்கிறார்கள். மாநகரசபைத் தேர்தல் வந்தால் மட்டும், வாக்குச்சீட்டில் கட்சிப் பெயர் இல்லை என்பதற்காகவே பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். 2022 ஒக்ரோபரில் இந்நகரில் வாக்களித்தவர்கள் 30 சதவீதத்துக்கும் குறைவு. வரி குறைய வேண்டும், அரசு அளவோடு செலவழிக்க வேண்டும் என்று உண்மையாகவே நம்புகிறவர்கள், அந்த நம்பிக்கை நேரடியாகத் தங்கள் பணத்தைத் தொடும் இடத்திலேயே பேசாமல் இருப்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

வீடு வாங்கும்போது நடப்பதைப் பாருங்கள். 8 லட்சம் டொலர் வீட்டுக்கு மாகாணம் அறவிடும் காணி மாற்று வரி 12,475 டொலர். ஸ்டீல்ஸ் வீதிக்கு வடக்கே மார்க்கத்தில் வாங்கினால் அத்தோடு முடிந்தது. தெற்கே ஸ்காபரோவில் வாங்கினால் அதே அளவு தொகையை மாநகரத்துக்கும் கட்ட வேண்டும். முதல் வீடு வாங்குவோருக்குச் சிறிது கழிவு உண்டு, அவ்வளவுதான். 2008இல் நடைமுறைக்கு வந்த இந்த இரண்டாவது வரியை விதித்தது ஒட்டாவாவில் உள்ள மத்திய அரசும் அல்ல, குயின்ஸ் பார்க்கில் உள்ள மாகாண அரசும் அல்ல. நாம் பெயர்கூட அறியாமல் விட்டுவிடுகிற கவுன்சிலர்கள். அதே சபை மனம் வைத்தால் வரியை நீக்கவும் முடியும்: ரொப் ஃபோர்ட் மேயரானதும் 60 டொலர் வாகனப் பதிவு வரி 2010 டிசம்பரிலேயே வாக்கெடுப்பில் நீக்கப்பட்டது.

2023 மேயர் இடைத்தேர்தலில் 102 வேட்பாளர்கள் நின்றார்கள். ஒலிவியா சௌ ஏறத்தாழ 34,000 வாக்குகளால் வென்றார். வலதுசாரிகளான மார்க் சோண்டர்ஸும் அந்தனி ஃபியூரியும் பிரித்துக்கொண்ட வாக்குகளோ 90,000க்கும் மேல். அடுத்த ஆண்டே வீட்டுவரி 9.5 சதவீதம் ஏறியது. சௌ தன் ஆதரவாளர்களை வாக்குச்சாவடிக்கு அழைத்து வந்தார். அதில் அவரைக் குறை சொல்ல எதுவுமில்லை. நாங்கள்தான் சிதறினோம், பலர் வரவே இல்லை.

அடுத்த தேர்தல் 2026 ஒக்ரோபர் 26. உங்கள் வட்டாரத்தில் நிற்பவர்களிடம் வீட்டுவரி பற்றியும் காவல்துறைக்கான ஒதுக்கீடு பற்றியும் இப்போதே கேளுங்கள். மார்க்கத்திலோ பிக்கரிங்கிலோ குடியிருந்துகொண்டு ரொறன்ரோவில் தங்கள் பெயரில் ஒரு கொண்டோ (அடுக்குமாடி வீடு) வைத்திருக்கும் கனேடியக் குடிமக்களுக்கு, வசிக்கும் நகரத்தில் மட்டுமன்றி ரொறன்ரோவிலும் வாக்குரிமை உண்டு; அவர்களின் வாழ்க்கைத் துணைக்கும் உண்டு. வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் சேர்த்துவிடுங்கள்.