லூகாஸ் நாவல் சீசன் 4-ஓட காப்பி இல்லங்க

'லூகாஸ் ஆன் த லைன்' நாவல் நெட்ஃபிளிக்ஸ் சீரியல் ஸ்ட்ரேஞ்சர் திங்ஸோட சீசன் 4-ஐ அப்படியே திருப்பி எழுதினது, சீரியல்ல இல்லாத நிறப் பிரச்சனைய புதுசா சொருகிட்டாங்கன்னு ஒருத்தர் எழுதியிருக்கார், ரெண்டுமே தப்புங்க. கதை நடக்குறது சீசன் 3-க்கும் 4-க்கும் நடுவுல, அதாவது 1985 ஜூலைல சீசன் 3 கடைசில ஊர்ல இருக்குற மால் எரிஞ்சதுக்கு அப்புறம், சீரியல்ல வர்ற கருப்புப் பையன் லூகாஸ் ஹைஸ்கூல் சேர்ந்து பாஸ்கெட்பால் டீமுக்குள்ள போற நாட்கள், அதை லூகாஸே தன் வாயால சொல்றான்.

நிறப் பிரச்சனை 2017-ல வந்த சீசன் 2-லயே இருக்கு. ஹாலோவீனுக்கு பசங்க எல்லாம் 'கோஸ்ட்பஸ்டர்ஸ்' படத்துல வர்ற பேய் பிடிக்கிறவங்க வேஷம் போட்டுட்டு வர்றப்போ, அந்த டீம்ல இருக்குற ஒரே கருப்பு ஆள் வின்ஸ்டன் வேஷம் லூகாஸுக்குத்தான்னு அவனோட ஃப்ரெண்டு மைக் தானாவே முடிவு பண்ணிடுறான், அப்போ நீ ஏன் வின்ஸ்டனா இருக்கக்கூடாதுன்னு லூகாஸ் கேக்க, மைக் 'ஏன்னா...'ன்னு இழுத்துட்டு வார்த்தை வராம நிக்கிறான் பாருங்க, நீ கருப்பு இல்லன்னுதானேன்னு லூகாஸே அதை முடிக்கிறான். எனக்கு அந்த சீன் இன்னும் வலிக்குது. அதே சீசன்ல லூகாஸ்கூட பழகாதேன்னு பில்லி தன்னோட ஸ்டெப் சிஸ்டர் மேக்ஸை மிரட்டுறதும் இருக்கு.

எழுதினவர் சுயி டேவிஸ் ஒகுங்போவா, நைஜீரியாக்காரர். வெள்ளைக்காரப் பசங்க நிறைஞ்ச ஊர்ல ஒரு கருப்புப் பையன் மனசுக்குள்ள என்ன ஓடுதுன்னு சீரியல் நின்னு சொல்லாததை அவர் பக்கம் பக்கமா சொல்லியிருக்கார், ப்ளீஸ் படிச்சுப் பாருங்க.